முயல் மூச்சு வாங்கினால்

அட்டுவம்பட்டிக் குளிருக்குப் பயந்து முயல் கூண்டைச் சாக்கால் இறுக்கி மூடிவிடுகிறோம். காலையில் சாக்கை விலக்கும்போது நம் கண் எரிகிறதா? அந்தக் காற்றைத்தான் முயல் இரவெல்லாம் சுவாசித்திருக்கிறது. சிறுநீரிலிருந்து எழும் அம்மோனியா மூக்கின் உட்சவ்வை அரிக்கும்; பாஸ்டுரெல்லா கிருமிக்கு அதுவே வாசல். மன்னவனூர் மத்திய ஆராய்ச்சி மையத்தில் வளரும் ஒயிட் ஜெயண்ட், சோவியத் சின்சில்லா போன்ற இனங்களுக்கு மலைக்குளிர் தொல்லையே இல்லை. ஈரமும் புழுக்கமும்தான் பகை.

மூக்குத் துடிப்பை மூச்சென்று எண்ணிவிடாதீர்கள், அது பெரும்பாலும் மோப்பம். விலா ஓரத்தைப் பாருங்கள். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். அமைதியாக இருக்கையில் நிமிடத்துக்கு 30 முதல் 60 வரை இயல்பு. ஓடினால் கூடும், இளைப்பாறினால் இறங்கும்.

முயலின் குரல்வளை மூடி மெல்லண்ணத்துக்கு மேலே ஏறி, மூக்குப் பாதையோடு பொருந்தியிருக்கிறது. புல்லை மென்றுகொண்டே எதிரியை மோப்பம் பிடிக்க அந்த அமைப்பு உதவுகிறது. ஆனால் மூக்கு அடைத்தால் திண்டாட்டம்தான். தலையை அண்ணாந்து, வாய் திறந்து, வயிறு எக்கி மூச்சு வாங்கும் முயலுக்கு உயிர் ஊசலாடுகிறது என்று பொருள். மல்லாத்தாமல், நிமிர்ந்தபடியே பெட்டியில் வைத்து உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

அதற்கு முன்பே ஓர் அறிகுறி தெரியும். முன்னங்காலின் உட்புறத்தைத் தடவிப் பாருங்கள். மயிர் காய்ந்து சடைபிடித்திருந்தால், அது சளியைத் துடைத்த தடம்.