பாட்டு இருக்கிறது, சாவி எங்கே?

அண்ணனோ மாமாவோ ஒரு காலத்தில் பயன்படுத்திய எம்பி3 பிளேயர் உங்கள் வீட்டு மேசை இழுப்பறையில் கிடக்கலாம். அதற்கு மின்னூட்டிப் பாருங்கள். பாடல் பட்டியல் வரும். சில பாடல்கள் ஒலிக்கும். சில மட்டும் 'உரிமம் இல்லை' என்று மறுக்கும். கோப்பு கெட்டுவிட்டது என்று உடனே முடிவு கட்டாதீர்கள். அது பூட்டப்பட்டிருக்கலாம்.

இருபது ஆண்டுகளுக்கு முன் இணையக் கடைகள் பல, நகலெடுப்பதைத் தடுக்கப் பாடல்களை மறையாக்கம் செய்து விற்றன. மைக்ரோசாப்ட் முறையில் பாடல் ஒரு கோப்பு. அதைத் திறக்கும் உரிமம் தனி. சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் தயாரித்த ஸென் பிளேயர்கள் பலவும் இந்த முறையை ஏற்றவை. பாடலை மட்டும் இழுத்துப் பிளேயரில் போட்டால் உரிமம் கூடவே வராது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு சாவியை வீட்டில் விட்டு வந்த கதைதான்!

ஆகவே முதலில் யூஎஸ்பி அமைப்பைப் பாருங்கள். சான்டிஸ்க் சான்சா போன்ற பிளேயர்களில் எம்எஸ்சி, எம்டிபி என இரண்டு முறைகள் உண்டு. எம்எஸ்சி முறையில் பிளேயர் வெறும் சேமிப்புக் கருவி. உரிமத்தை அது வாங்கிக்கொள்ளாது. எம்டிபிக்கு மாற்றி, விண்டோஸ் மீடியா பிளேயர் வழியாகப் பாடலை அனுப்ப வேண்டும்.

மாதச் சந்தா பாடல்களில் சிக்கல் வேறு. அவற்றின் உரிமம் குறிப்பிட்ட தேதியோடு முடிந்துவிடும். யாராவது தேதியைப் பின்னுக்குத் தள்ளி ஏமாற்றலாம் அல்லவா? அதற்காகவே பிளேயருக்குள் பயனர் தொட முடியாத ஒரு கடிகாரத்தை வைத்தார்கள். மின்கலம் முழுதாக இறங்கினால் அந்தக் கடிகாரமும் நின்றுவிடும். இன்று என்ன தேதி என்று பிளேயருக்குத் தெரியாது. சந்தா உயிரோடு இருந்தாலும் பாட மறுக்கும். இணையத்தில் உள்ள கணினியோடு இணைத்தால் நேரம் சரியாகும். எளிய தீர்வுதான், ஆனால் பலருக்குத் தோன்றாது.

தீர்வே இல்லாத சிக்கலும் உண்டு. மைக்ரோசாப்ட் 2004இல் திறந்த எம்எஸ்என் மியூசிக் கடை 2006இல் மூடப்பட்டது. உரிமம் வழங்கும் சேவையகங்களை 2008 ஆகஸ்ட் 31இல் நிறுத்தப்போவதாக நிறுவனம் அறிவித்தது. வாடிக்கையாளர்கள் கொதித்தெழவே, அந்தக் கெடு 2011 இறுதிவரை நீண்டது. சேவையகம் போன பிறகு, ஏற்கெனவே உரிமம் உள்ள கணினியில் மட்டும் பாடல் ஒலிக்கும். புதிய கணினிக்கு மாறினால் காசு கொடுத்து வாங்கிய பாட்டும் ஊமைதான். எனக்கு இது நியாயமாகப் படவில்லை. ஆப்பிள் நிறுவனமே 2009இல் தன் ஐடியூன்ஸ் பாடல்களிலிருந்து இந்தப் பூட்டை நீக்கிவிட்டது.

அந்தப் பழைய கணினி இன்னும் ஓடுகிறதா? அப்படியென்றால் அதை ஃபார்மட் செய்ய அவசரப்படாதீர்கள். சந்தாவுக்கு அல்லாமல் விலைக்கு வாங்கிய பாடல்களை ஒலி குறுவட்டில் பதிய அந்தக் கடைகள் பொதுவாக அனுமதித்தன. குறுவட்டில் பூட்டு இராது. அதிலிருந்து மீண்டும் எம்பி3 ஆக்கினால் ஒலித்தரம் சற்றுக் குறையும். இரண்டாம் முறை சுருக்குகிறோம் அல்லவா? எனவே குறுவட்டையும் பத்திரப்படுத்துங்கள்.