கேட்காமல் திறக்காத நிரல்

ஒரு தோட்ட அலுவலகத்துக் கம்பியூட்டரில் செக்ரோல் என்ற சம்பளப் பதிவேடு இருக்கும், தொழிலாளர்களின் அடையாள அட்டை இலக்கங்கள் இருக்கும், சேமலாப நிதி விவரமும் முற்பணக் கழிவும் இருக்கும். அன்றாடம் நிறுக்கும் கொழுந்தின் எடையைக் கூட்டிச் சொல்ல, அட்டனில் கணினி படித்த ஓர் இளைஞர் அதில் ஜாவாஸ்கிரிப்ட் நிரல் ஒன்றை எழுதிக் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்த நிரலுக்குத் தேவை ஒரே ஒரு கோப்பு. ஆனால் நோட் ஜேஎஸ் போன்ற வழக்கமான இயக்கச் சூழலில் ஓடும்போது, கம்பியூட்டரைப் பயன்படுத்துபவர் திறக்கக்கூடிய அத்தனை கோப்புகளையும் அதுவும் திறக்கலாம். எடுத்ததை இணையத்தில் எங்கும் அனுப்பலாம். ஸ்டோரின் கூரைத் தகரம் மாற்ற வந்தவரிடம் தோட்டத்துச் சாவிக்கொத்தையே தூக்கிக் கொடுப்பதற்குச் சமம் இது. எழுதிய இளைஞர் நம்பிக்கையானவராகவே இருக்கட்டும். அவர் இணையத்திலிருந்து இறக்கிச் சேர்த்த பிறருடைய நிரல் துண்டுகளை எழுதியவர்கள் யாரென்று அவருக்கே தெரியாது.

இது வெறும் பயமுறுத்தல் என்று நினைப்பவர்களுக்கு 2018ஆம் ஆண்டே பதில். நோட் ஜேஎஸ்ஸை 2009இல் உருவாக்கிய ரையன் டால், அந்த ஆண்டு ஜூன் மாதம் பெர்லினில் நடந்த மாநாட்டில், தாம் செய்த வடிவமைப்புப் பிழைகளைத் தாமே மேடையில் அடுக்கினார். நிரலின் நடையைச் சரிபார்க்கும் ஒரு சாதாரணக் கருவிக்குக் கம்பியூட்டர் முழுவதையும் வலையமைப்பையும் திறந்துவிடுவது ஏன் என்பது அவர் எழுப்பிய கேள்விகளில் ஒன்று. அடுத்த மாதமே, ஜூலை 12 அன்று, அப்படிப்பட்ட கருவியின் பகுதியான ஈஎஸ்லிண்ட்-ஸ்கோப் என்ற பொதியில் யாரோ திருட்டு நிரலைச் செருகிவிட்டார்கள். நிறுவிய கணமே அது நிரலாளரின் கோப்பு ஒன்றைப் படித்து, அதிலிருந்த நுழைவுச் சாவியை வெளியே அனுப்பியது. எந்தப் பூட்டையும் அது உடைக்கவில்லை. எல்லாம் ஏற்கெனவே திறந்தே கிடந்தன.

பிரவுசருக்குள் இந்தத் திருட்டு இவ்வளவு எளிதாக நடக்காது. ஜாவாஸ்கிரிப்டுக்குத் தானாகக் கோப்பு திறக்கத் தெரியாது. அதை ஓட்டும் சூழல் கொடுத்தால்தான் அந்த வசதி வரும். ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் குரோமின் வி8 இயந்திரத்தைப் பிரவுசருக்கு வெளியே எடுத்துவந்த நோட் ஜேஎஸ், எல்லா வசதியையும் நிபந்தனையின்றிக் கொடுத்துவிட்டது. அதே வி8ஐ வைத்து டால் மறுபடி கட்டிய டெனோ என்ற இயக்கச் சூழல், 2020 மே மாதம் 1.0 பதிப்பாக வெளிவந்தது. கோப்பு, வலையமைப்பு, சூழல் மாறிகள் என்று நிரல் எதைத் தொட முயன்றாலும், ரஸ்ட் மொழியில் எழுதிய அடுக்கு ஒன்றைத் தாண்டியே போகவேண்டும். அனுமதி அங்கேதான் சரிபார்க்கப்படுகிறது. நம் கொழுந்துக் கணக்கு நிரலை டெனோவில் ஓட்டினால், கோப்பைத் திறக்கும் இடத்தில் அது நின்று, இதைப் படிக்கலாமா என்று திரையில் கேட்கும். கட்டளையிலேயே 'அலவ்-ரீட்' என்று எழுதி அந்தக் கோப்பின் பெயரைச் சேர்த்தால் அதை மட்டும் படிக்கும். கேட்காமல் செக்ரோலைத் தொட முடியாது. வலையமைப்பு அனுமதி கொடுக்கவில்லை என்பதால், படித்ததையும் வெளியே அனுப்ப முடியாது. பொதிகளை நிறுவும்போது தாமாக ஓடும் நிரல்களையும் டெனோ கேட்காமல் ஓட விடுவதில்லை.

இலங்கைக்கும் இது புதிய சிக்கல் அல்ல. 2005இல் இங்கே தொடங்கப்பட்ட டபிள்யூஎஸ்ஓ2 நிறுவனத்தின் அடையாளச் சேவையகத்தில், யார் எப்படி உள்நுழையலாம் என்ற விதியை வாடிக்கையாளரே ஜாவாஸ்கிரிப்டில் எழுதலாம். கடவுச்சொற்களைக் காக்கும் சேவையகத்துக்குள் வேறொருவர் எழுதிய நிரல் ஓடுகிறது என்றால், அது எதைத் தொடலாம் என்ற கணக்கு எவ்வளவு கறாராக இருக்கவேண்டும் என்று எண்ணிப் பாருங்கள்.

அனுமதி கேட்டுக்கொண்டே இருந்தால் மக்கள் சலித்துப்போய், எல்லாவற்றையும் திறக்கும் ஒற்றைக் கட்டளையைத் தட்டிவிடுவார்கள் என்பது நியாயமான ஆட்சேபம். தட்டத்தான் செய்கிறார்கள். ஆனாலும் அப்போது திறந்தது யார் என்பதில் ஐயமில்லை. கட்டளையிலேயே அது எழுதியிருக்கும், மேற்பார்க்கிறவர் கண்ணில் படும். இன்னொரு ஆட்சேபம் இதைவிடக் கனமானது. டெனோவில் அனுமதி முழு நிரலுக்கும் பொது. இறக்கிச் சேர்த்த துண்டுக்கென்று தனி அளவு கிடையாது. வேறு நிரல்களை ஓட்டும் அனுமதியைக் கொடுத்துவிட்டால் அந்த நிரல்களுக்கு இந்தக் கட்டுப்பாடு எதுவும் இல்லை. உண்மைதான். அதற்காகத் தனிப் பயனர் கணக்கு, கொள்கலன் போன்ற வெளி அரண்களைக் கைவிடச் சொல்லவில்லை. 2023இல் வந்த 20ஆம் பதிப்பிலிருந்து நோட் ஜேஎஸ்ஸிலும் அனுமதி முறை இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, நாம் கேட்டால்தான் வேலை செய்யும். அவசரத்தில் யாரும் அதைக் கேட்கப் போவதில்லை. ஆகவே எந்த வசதி இருக்கிறது என்பதைவிட, ஒன்றும் செய்யாமல் விட்டால் எந்த நிலை கிடைக்கிறது என்பதே முக்கியம்.

பாதுகாப்புக்கென்று தனி ஆள் வைக்க முடியாத சிறிய அலுவலகங்களுக்கு இது இன்னும் பொருந்தும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனியாள் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருந்தாலும், தொழிலாளியின் அடையாள இலக்கம் ஒருமுறை வெளியே போனால் எந்தச் சட்டத்தாலும் அதைத் திருப்பிக் கொண்டுவர முடியாது. அட்டனிலும் நுவரெலியாவிலும் பிள்ளைகளுக்கு நிரலாக்கம் சொல்லித்தருகிறவர்கள், எந்த மொழியானாலும் சரி, முதல் பாடத்திலேயே ஒரு வழக்கத்தைப் பழக்கிவிட வேண்டும்: நிரலை ஓட்டும் முன், இதற்கு எந்தக் கோப்பு வேண்டும், இணையம் வேண்டுமா என்று எழுதி வைத்து, அதை மட்டும் கொடுங்கள்.