சேற்று நாற்றமும் எண்ணெய் வயலும்

நாவாந்துறைக் கரையில் சேற்றைக் கிளறினால் கூழ்முட்டை நாற்றம் வரும். "கடல் நாறுது சேர்" என்பார்கள் எங்கட பிள்ளைகள். காற்றுப் புகாத சேற்றில் வாழும் நுண்ணுயிர்கள் கடல்நீரிலுள்ள சல்பேற்றை ஐதரசன் சல்பைட்டு வாயுவாக மாற்றுகின்றன.

எண்ணெய் வயலிலும் இதே கதைதான். எண்ணெயைத் தள்ளி வெளியேற்ற நிலத்தடிக்குக் கடல்நீரைச் செலுத்துகிறார்கள். சல்பேற்றும் கூடவே போகிறது. அந்த வெப்பத்தையே விரும்பும் உயிர்களும் உண்டு. 83 பாகை செல்சியசில் செழிக்கும் ஆர்க்கியோகுளோபசு வடகடல் எண்ணெய் வயல்களில் வாழ்வதை 1993இல் ஆய்வாளர்கள் அறிவித்தனர். இவை உண்டாக்கும் வாயு எண்ணெயின் தரத்தைக் கெடுக்கும், குழாயை அரிக்கும், ஆளையும் கொல்லும்.

நுண்ணுயிர்கொல்லி மருந்து பாறை இடுக்கெல்லாம் எட்டாது. ஆகவே சிலர் சல்பேற்றை முன்கூட்டியே வடிகட்டுகிறார்கள். நோர்வேயின் குல்ஃபக்ஸ் வயலில் 1999இல் நீருடன் நைத்திரேற்றைக் கலக்கத் தொடங்கினர். நைத்திரேற்றைப் பயன்படுத்தும் வேறு நுண்ணுயிர்கள் பெருகி, சல்பேற்று உயிர்களின் உணவைப் பறித்துக்கொள்கின்றன. கொல்லாமலே பட்டினி போடும் வழி இது.

வளைகுடா எண்ணெய் வயல்களுக்கு உழைக்கப் போகும் நம்மவர் ஒன்றை மனதில் வைக்கவேணும். காற்றில் பத்து இலட்சத்துக்கு 100 பங்களவு இந்த வாயு சேர்ந்தாலே மூக்கு மரத்துவிடும். நாற்றம் நின்றால் ஆபத்து நீங்கியதென்று எண்ணாதீர்கள், உடனே விலகுங்கள்.