மாடி கட்டினால் வாடகை கொட்டுமா? குடி வைப்பதற்கு முன் ஒரு கணக்கு!

"மாடியில ஒரு போர்ஷனை எடுத்து விடுங்கண்ணே. மாசம் பொறந்தா வாடகை. உக்காந்து சாப்பிடலாம்!"

ரிடையர் ஆகப் போகிறவருக்கு மதுரையில் எல்லோரும் சொல்லும் யோசனை இது. வில்லாபுரம், ஜெய்ஹிந்துபுரம், அண்ணா நகர் என்று எந்தத் தெருவுக்குப் போனாலும் கீழே வீட்டுக்காரர், மேலே குடித்தனக்காரர். ஆயுள் முழுக்கச் சேர்த்த பி.எப். பணம் செங்கலாகவும் சிமெண்டாகவும் மாறி மாடி ஏறி விடுகிறது.

வாடகை கொட்டுகிறதா?

15 லட்சத்துக்கு என்ன கிடைக்கும்?

ஒருவர் ரூ.15 லட்சத்தில் மாடி கட்டுகிறார் என்று வைத்துக் கொள்வோம். வாடகை ரூ.8 ஆயிரம். வருஷத்துக்கு ரூ.96 ஆயிரம். இடையில் ஒரு மாதம் காலியாகக் கிடந்தால் ரூ.88 ஆயிரம். வெள்ளையடிப்பு, மோட்டார் ரிப்பேர், வீட்டு வரி என்று ரூ.12 ஆயிரம் போனால் கையில் நிற்பது ரூ.76 ஆயிரம்.

அதே பணத்தைத் தபால் ஆபீசில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டிருந்தால்? 2023 ஏப்ரலில் அறிவிக்கப்பட்ட வட்டி 8.2 சதவீதம். ஆண்டுக்கு ரூ.1 லட்சத்து 23 ஆயிரம்!

அப்படியானால் மாடி கட்டுகிறவர் ஏமாளியா? அதுவும் இல்லை. போட்ட வட்டி கூடாது, வாடகை கூடும். கட்டிடம் பிள்ளைகளுக்கு நிற்கும். ஆனால் குடி வந்தவர் நாலு மாதம் வாடகை தராமல் இழுத்தடித்தால் அந்த வருஷ வரும்படியில் ரூ.32 ஆயிரம் காலி. ஆக, கணக்கு தேறுவது கட்டிடத்தில் இல்லை. குடி வருகிற ஆளில் இருக்கிறது.

வரப்போவதை நம்பி...

ஐகோர்ட்டு மதுரைக் கிளை 2004 ஜூலை 24-ந் தேதி திறக்கப்பட்டது. ஒத்தக்கடை, கே.கே.நகர் பக்கம் வக்கீல்களும் ஊழியர்களும் வீடு தேட ஆரம்பித்தார்கள். பெரியாஸ்பத்திரியைச் சுற்றி நர்சுகள், நாகமலை புதுக்கோட்டையில் பல்கலைக்கழகத்தை ஒட்டி மாணவர்கள். இங்கெல்லாம் குடித்தனக்காரர் தேடி வருவார்.

தோப்பூர் கதை வேறு. எய்ம்ஸ் ஆஸ்பத்திரிக்கு 2019 ஜனவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது. 2022-ல் முதல் மாணவர்களுக்கு வகுப்பு தொடங்கியது தோப்பூரில் அல்ல, ராமநாதபுரத்தில்! "டாக்டர்கள் குடி வருவார்கள்" என்று அடிக்கல்லைப் பார்த்து அவசரப்பட்டு வீடு கட்டியிருந்தால் பூட்டுக்கு எண்ணெய் போட்டுக் கொண்டிருக்க வேண்டியதுதான்.

"நீங்க என்ன ஆளுக?"

வீடு பார்க்க வந்தவரிடம் பல வீட்டுக்காரர்கள் முதலில் கேட்பது இதைத்தான். அடுத்த கேள்வி, "கறி, மீன் சமைப்பீங்களா?"

ஐந்தாம் தேதி வாடகை வருமா என்பதற்கு இந்த இரண்டிலும் பதில் இல்லை. நல்ல குடித்தனக்காரர் பலர் இந்தக் கேள்வியிலேயே திரும்பிப் போய் விடுகிறார்கள்.

கேட்க வேண்டியது வேறு. எங்கே வேலை? சம்பளம் மாதமா, வாரமா? எத்தனை பேர் இருக்கப் போகிறீர்கள்? இப்போது எங்கே குடியிருக்கிறீர்கள், ஏன் காலி செய்கிறீர்கள்? அந்த வீட்டுக்காரரின் போன் நம்பர் கிடைக்குமா? ஒரு போன் போட்டால் போதும், பாதி ஜாதகம் தெரிந்து விடும்.

தண்ணீர் எப்படி, மீட்டர் தனியா, வண்டி எங்கே நிறுத்துவது என்று துருவித் துருவிக் கேட்கிறவரைக் கண்டு எரிச்சல்பட வேண்டாம். இருக்கப் போகிறவர்தான் அப்படிக் கேட்பார். வீட்டைச் சரியாகப் பார்க்காமல், பேரமும் பேசாமல், "நாளைக்கே வந்துர்றேன்" என்பவரிடம்தான் இரண்டு தடவை விசாரிக்க வேண்டும்.

ஒத்தி என்னும் கத்தி

மதுரையில் வாடகைக்குச் சமமாகப் புழங்குவது ஒத்தி. மொத்தமாக ரூ.5 லட்சம் கொடுத்தால் மூன்று வருஷம் வாடகை கிடையாது. காலி செய்யும்போது பணம் முழுசாகத் திரும்ப வேண்டும்.

வாங்கும்போது இனிக்கும். அந்தப் பணம் மகள் கல்யாணத்தில் கரைந்தால் கெடு வரும்போது தூக்கம் போய்விடும். அடுத்த ஒத்திக்காரர் வந்தால்தான் முந்தியவர் பணத்தைத் தர முடியும். அவர் வராவிட்டால்? வீட்டுக்காரர் கடன்காரர் ஆகிறார். குடியிருப்பவர் பணத்துக்காக நடையாய் நடக்கிறார்.

ஒத்திப் பணம் கொடுக்கிறவர் முதலில் வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்க வேண்டும். வீட்டின் மேல் பாங்குக் கடன் இருந்தால் முதல் உரிமை பாங்குக்குத்தான்! முறையான ஒத்தியைப் பத்திரப் பதிவு செய்ய வேண்டும். வெறும் பாண்டு பேப்பரில் கையெழுத்து வாங்கிக் கொண்டு லட்சங்களைக் கொடுப்பது வம்பு.

சட்டம் மாறி விட்டது

1960-ம் வருஷத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இப்போது இல்லை. 2017-ல் நிறைவேறிய புதிய சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் அமுலில் இருக்கிறது. வாய்ப்பேச்சு செல்லாது, எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும். அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். "பதினோரு மாசத்துக்குத்தானே எழுதினோம்" என்று சொல்லித் தப்ப முடியாது.

ஒப்பந்தத்தில் வேறு விதமாகச் சொல்லாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைதான். காலி செய்த ஒரு மாதத்துக்குள், பாக்கியைக் கழித்துக் கொண்டு, அதைத் திருப்பித் தர வேண்டும். இரண்டு மாத வாடகை நின்று, நோட்டீசு கொடுத்தும் கட்டாவிட்டால் வீட்டுக்காரர் வாடகைக் கோர்ட்டுக்குப் போகலாம். ஆனால் ஆத்திரத்தில் தண்ணீரை நிறுத்துவதும் பீஸ் கட்டையைப் பிடுங்குவதும் கூடாது. சட்டம் அவர் பக்கம் இருந்தாலும் வம்பு அவர் தலையில் விழும்.

சில்லரைச் சண்டைக்கும் வழி சொல்லியிருக்கிறது சட்டம். ஒப்பந்தத்தில் மாற்றி எழுதாத வரை குழாய் வாஷர், சுவிட்சு, ஜன்னல் கண்ணாடி குடியிருப்பவர் பொறுப்பு. வெள்ளையடிப்பு, ஒயரிங், குழாய் மாற்றுவது வீட்டுக்காரர் பொறுப்பு.

ஐநூறு ரூபாய்ப் பிடிவாதம்

மதுரையில் ஆடியில் யாரும் வீடு மாற மாட்டார்கள். ஆனிக் கடைசியில் காலியான வீடு ஆவணி வரை பூட்டித்தான் கிடக்கும்.

ஒழுங்காக வாடகை தரும் குடும்பம் ரூ.500 குறைத்துக் கேட்கிறது. வீட்டுக்காரர் மறுக்கிறார். அவர்கள் போய் விடுகிறார்கள். வீடு ஒரு மாதம் காலி, நஷ்டம் ரூ.8 ஆயிரம். அந்த ரூ.500-ஐ விட்டுக் கொடுத்திருந்தால் இந்த நஷ்டம் வந்து சேர 16 மாதம் ஆகியிருக்கும்!

வீட்டுக்காரருக்கு நல்ல குடித்தனம் வேண்டும். குடித்தனக்காரருக்கு நல்ல வீட்டுக்காரர் வேண்டும். ஒருவரை ஒருவர் விசாரித்து, எழுதிக் கையெழுத்துப் போட்டு விட்டால், பால் காய்ச்சும் நாளில் இருக்கும் சிரிப்பு சாவியைத் திருப்பிக் கொடுக்கும் நாளிலும் இருக்கும்.