வாய்களை எண்ணுதல்

உலகத்து விளைநிலம் எல்லோருக்கும் சோறு போடுமா என்று யாராவது கேட்டால், முதலில் கணக்கைச் சொல்லிவிடுவது நல்லது. அண்மை வருஷங்களில் உலகின் தானிய விளைச்சல் சுமார் 280 கோடி டன். மக்கள் 2022 நவம்பரில் 800 கோடியைத் தொட்டார்கள். வகுத்துப் பாருங்கள்: தலைக்கு வருஷத்துக்கு 350 கிலோ, நாளைக்கு ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. காய்கறி, கிழங்கு, மீன் எதையும் இதில் சேர்க்கவில்லை. ஒரு ஆள் தின்று தீர்க்க முடியாத அளவு. ஆனால் 2023இல் பட்டினி கிடந்தவர்கள் 70 கோடிக்கு மேல் என்கிறது ஐ.நா. அறிக்கை. தானியத்தில் பாதிக்கும் குறைவாகத்தான் நேராக மனித வாய்க்குப் போகிறது. மீதியில் பெரும்பங்கு மாட்டுக்கும் பன்றிக்கும் கோழிக்கும்; அமெரிக்க மக்காச்சோளத்தில் மூன்றிலொரு பங்கு எத்தனாலாகிக் காருக்கு.

ஆக, பதில் சுலபம். என்னைத் தொந்தரவு செய்வது கேள்விதான். நிலத்தையும் வாய்களையும் எதிரெதிரே நிறுத்திவிட்டு, நடுவிலிருக்கும் விலை, வரி, கூலி, கப்பல் எல்லாவற்றையும் காணாமலடிக்கிற சொல்லாடல் இது. 1798இல் மக்கள்தொகை பற்றி எழுதிய மால்தஸைத் தெரியாதவர் இல்லை. அவர் 1805 முதல் 1834இல் சாகும்வரை ஹெய்லிபரியில், கிழக்கிந்தியக் கம்பெனி நடத்திய கல்லூரியில் வாத்தியார் என்பதைத்தான் நாம் அதிகம் பேசுவதில்லை. இந்தியாவை ஆள வந்தவர்கள் அங்கே பாடம் கேட்டு வந்தார்கள். மால்தஸுக்குப் பிறகு அதே கல்லூரியில் படித்தவர் ரிச்சர்ட் டெம்பிள். தாது வருஷப் பஞ்சத்தின்போது, 1877இல், சென்னை மாகாண நிவாரண வேலைகளில் ஆணுக்கு நாள் கூலி ஒரு ராத்தல் தானியமும் சில்லறையும் என்று குறைத்தவர் அவர். அது உடம்புக்குப் போதாது என்று மாகாணச் சுகாதார கமிஷனர் கார்னிஷ் சண்டை போட்டார். அந்த வருஷங்களிலும் இந்தியக் கோதுமை இங்கிலாந்துக்குக் கப்பலேறியது.

வெள்ளைக்காரன் காலம் என்று விட்டுவிடலாமா? 2001 ஜூலையில் அரசிடம் சுமார் 6 கோடி டன் அரிசியும் கோதுமையும் கையிருப்பு. அதே வருஷம் ஒடிசாவின் காசிப்பூரில் ஆதிவாசிகள் மாங்கொட்டைப் பருப்பைக் கஞ்சி காய்ச்சிக் குடித்துச் செத்தார்கள். அரசுத் தரப்பின் வாசிப்பு: பட்டினியல்ல, நச்சுணவு. மாங்கொட்டையை ஏன் தின்னப் போனார்கள் என்பது அந்தப் பிரதியில் இல்லை.

நம் நண்பர்கள் பலர் இங்கேயே நிறுத்திக்கொள்வார்கள்: நிலம் தாராளம், பங்கீடுதான் கோளாறு. எனக்கு அது அரைகுறையாகப் படுகிறது. அந்தக் கையிருப்பில் பெரிய பங்கு பஞ்சாபுடையது. அங்கே ஒரு வருஷம் ஊறுகிற நிலத்தடி நீரைப்போல் ஒன்றரை மடங்கை இறைத்துவிடுகிறார்கள். உபரி என்று நாம் எண்ணிய மூட்டையில் பாதி, பேரப்பிள்ளைகளின் தண்ணீர். இன்றைக்குப் போதும் என்பதை என்றைக்கும் போதும் என்று படிக்க முடியாது.

வாய்கள் பெருகிவிட்டன என்ற புலம்பலுக்கு மட்டும் குறைவில்லை. 2013 உணவுப் பாதுகாப்புச் சட்டம் மாதம் தலைக்கு 5 கிலோ தருகிறது. எத்தனை தலைக்கு என்பதை 2011 மக்கள்தொகைக் கணக்கை வைத்து முடிவு செய்தார்கள். 2021இல் எடுக்க வேண்டிய அடுத்த கணக்கை அந்த வருஷம் எடுக்கவில்லை. ரேஷன் என்று வரும்போது மட்டும், பெருகிய வாய்களை எண்ணுவதற்கு யாருக்கும் அவசரம் இருந்ததாகத் தெரியவில்லை.