ஹெலிகாப்டர் மீட்பு வடமும் அபாய நேர நடைமுறைகளும்

வெள்ளம் சூழ்ந்த வீட்டுக் கூரையிலும், நடுக்கடலில் செயலிழந்த படகிலும், பாதி வழியில் நின்றுவிட்ட ரோப்காரிலும் ஹெலிகாப்டர் தரையிறங்க இடம் கிடைப்பதில்லை. இத்தகைய இடங்களில் ஹெலிகாப்டர் அந்தரத்தில் நிலைத்து நிற்க, அதன் பக்கவாட்டுக் கதவருகே பொருத்தப்பட்டுள்ள விஞ்ச் எனப்படும் தூக்கு பொறியின் எஃகு வடம் கீழே இறக்கப்படுகிறது. சுண்டு விரலைவிட மெல்லியதான, ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் தடிப்புள்ள அவ்வடத்தில்தான் இரு மனிதர்களின் எடை தொங்குகிறது. பல நாடுகளில் பயன்படும் விஞ்சுகளின் தூக்கும் திறன் 270 கிலோகிராம் அளவினதாகும்.

இப்பணியில் மூவரின் பொறுப்பு முதன்மையானது. விமானி ஹெலிகாப்டரை அசையாது நிறுத்துகிறார். விஞ்ச் இயக்குபவர் கதவருகே மண்டியிட்டு வடத்தை இறக்கி ஏற்றுகிறார். மீட்பாளர் வடத்துடன் கீழே சென்று, ஆபத்தில் சிக்கியவரைப் பட்டையில் பிணைக்கிறார். தமக்கு நேர் கீழே நடப்பது எதனையும் விமானியால் காண இயலாது. “முன்னே ஐந்து, வலப்புறம் இரண்டு, நில்” என்று விஞ்ச் இயக்குபவர் ஓயாது சொல்லிவரும் சொற்களே அவருக்குக் கண். ஆகவே பேச்சுத் தொடர்பு அறுந்துபோவதே ஓர் அபாயமாகக் கருதப்படுகிறது. அந்நிலையில் வடத்தை இறக்குதல் நிறுத்தப்பட்டு, முன்னரே பேசி வைத்த கைச் சைகைகளின்படி, கீழிருப்பவரைப் பத்திரமாக மேலேற்றுவது அல்லது தரையில் விடுவது மட்டுமே மேற்கொள்ளப்படும்.

அபாயங்களுள் மிகக் கொடியது வடம் சிக்கிக்கொள்வது. மரக்கிளை, படகின் பாய்மரம், கூரையின் இரும்புச் சட்டம் ஆகிய எதில் மாட்டினாலும், அக்கணமே ஹெலிகாப்டர் பூமியுடன் கட்டப்பட்ட பொருளாகிவிடுகிறது. காற்று வீசி அது சற்றே நகர்ந்தாலும் வடம் விறைத்து, ஊர்தியையே ஒரு பக்கமாகச் சாய்த்துவிடும். ஆதலின் இயக்குபவர் முதலில் செய்ய வேண்டியது வடத்தை மேலும் இறக்கித் தளர்த்துவது. இழுத்து விடுவிக்க முயல்வதன்று. விமானி இருந்த இடத்திலேயே நிற்பார். கீழுள்ள மீட்பாளர் சிக்கலை விடுவிப்பார். அதற்கும் வழியில்லாது, ஹெலிகாப்டர் கட்டுப்பாடு இழக்கும் நிலை வந்தால் மட்டுமே வடத்தை வெட்ட வேண்டும்.

வெட்டுவதற்கான ஏற்பாடு ஒவ்வொரு விஞ்சிலும் உண்டு. மூடியிட்ட ஒரு விசையை அழுத்தினால் சிறு வெடிமருந்து வெடித்து, கத்தியொன்று வடத்தைத் துண்டித்துவிடும். இவ்விசை விமானிக்கும் எட்டும்; விஞ்ச் இயக்குபவருக்கும் எட்டும். மின்சாரம் தடைப்பட்டால் பயன்படும் பொருட்டுக் கதவருகே ஒரு கைவெட்டியும் வைக்கப்படுகிறது. வடத்தின் முனையில் ஒருவர் தொங்கிக்கொண்டிருக்கையில் இவ்விசையை அழுத்துவது என்றால், உள்ளே இருக்கும் நால்வரையும் கீழே நிற்பவர்களையும் காக்க அந்த ஒருவரைக் கைவிடுவதாகும். எந்த நிலையில் வெட்டுவது, எச்சொல்லைச் சொல்லி வெட்டுவது, யார் வெட்டுவது ஆகியவை கிளம்புமுன் மீட்பாளரின் முன்னிலையிலேயே பேசி முடிக்கப்படுவது இதனாலேயே. அந்தரத்தில் தொங்கும்போது தோன்றும் ஐயத்திற்கு இரண்டு வினாடிகூட அவகாசம் இல்லை.

எஞ்சின் பழுதும் இதே கேள்வியை எழுப்புகிறது. அந்தரத்தில் நிலைத்து நிற்கும்போது ஹெலிகாப்டருக்குத் தேவைப்படும் திறன் மிக அதிகம். தரைக்கு அருகே கிடைக்கும் காற்றுத் தாங்கலும் உயரத்தில் இல்லை. இமயமலைப் பகுதிகளில் காற்று அடர்த்தி குறைவதால் நிலைமை இன்னும் கடினமாகிறது. இரட்டை எஞ்சின் ஊர்தியில் ஒன்று நின்றுபோனாலும், எடை குறைவாக இருந்தால் மற்றொன்றின் துணையால் முன்னேறிப் பறந்து தப்பலாம். சேத்தக் போன்ற ஒற்றை எஞ்சின் ஊர்திக்கு அவ்வாய்ப்பு இல்லை. எனவே மீட்பிடத்தை அடையுமுன், எரிபொருள், ஆட்களின் எடை, வெப்பநிலை, உயரம் ஆகியவற்றைக் கொண்டு எஞ்சியுள்ள திறன் எவ்வளவு என்று கணக்கிடுவது கட்டாயம். கணக்கு ஒத்துவராவிடில் ஒருவருக்குப் பதில் இருவரை ஏற்றும் ஆசையை விட்டுவிட வேண்டியதுதான்.

ஊசலாட்டம் என்பது பார்வைக்கு எளியதாகத் தோன்றும் அபாயம். ஆடும் சுமையை விரைவில் உள்ளே இழுத்துவிடலாம் என்றே எவருக்கும் தோன்றும். ஆனால் ஊசலின் நீளம் குறையக் குறைய அதன் ஆட்டக் கோணம் பெருகும் என்பது இயற்பியல். இழுப்பதை நிறுத்தி, வடத்தைக் கையால் ஆட்டத்திற்கு எதிர்த்திசையில் தள்ளி அடக்குவதே முறை. சுழற்சி வேறு வகை. இறக்கைச் சுழலின் கீழ்க்காற்று தூக்குப்படுக்கையைப் பம்பரமாகச் சுற்றச் செய்யும். 2019 ஜூன் 4 அன்று அமெரிக்காவின் பீனிக்ஸ் நகரருகே மலையிலிருந்து மீட்கப்பட்ட 74 வயது மூதாட்டியின் படுக்கை, சுழற்சியைத் தடுக்கக் கட்டியிருந்த கயிறு அறுந்ததால் வேகமாகச் சுழன்றது. அவர் உயிர் தப்பினார். ஹெலிகாப்டரை மெல்ல முன்னோக்கிச் செலுத்தினால் கீழ்க்காற்று பின்தங்கிச் சுழற்சி தணியும்.

நம் நாட்டில் இப்பணியின் கடுமையை ரோப்கார் விபத்துகள் தெளிவாகக் காட்டின. 1992 அக்டோபரில் இமாசலப் பிரதேசத்தின் பர்வானூ அருகே டிம்பர் டிரெயில் ரோப்கார் அந்தரத்தில் நின்றுவிட்டது. சர்சாவாவிலிருந்து வந்த விமானப்படையின் எம்.ஐ.-17 ஹெலிகாப்டரைக் குரூப் கேப்டன் ஃபாலி மேஜர் செலுத்தினார். தரைப்படையின் மேஜர் இவான் கிராஸ்டோ வடத்தின் வழியே பெட்டியை அடைந்தார். இருட்டியதும் பணி நின்றது. எஞ்சிய பயணிகளுடன் அவர் அப்பெட்டியிலேயே இரவைக் கழித்து, மறுநாள் அவர்களை மேலேற்றினார். பத்துப் பேர் உயிருடன் மீட்கப்பட்டனர். விமானி 2007-இல் விமானப்படைத் தளபதியானார்.

ஜார்க்கண்டின் தேவ்கர் அருகே திரிகூட மலையில் 2022 ஏப்ரல் 10 அன்று ரோப்கார்கள் நின்றபோது அனுபவம் இருவகையாயிற்று. மேலே ரோப்கார் வடம், இருபுறமும் மலைச்சரிவு, கீழ்க்காற்றில் ஆடும் பெட்டிகள். இத்தனைக்கும் இடையே விமானப்படையினரும் தேசியப் பேரிடர் மீட்புப் படையினரும் பிறரும் ஏப்ரல் 12 வரை உழைத்துப் பலரை மீட்டனர். எனினும் மீட்பின்போது இருவர் கீழே விழுந்து இறந்தனர். கதவை எட்டும் கடைசி ஒரு மீட்டரே மிக ஆபத்தானது என்று பயிற்சியில் வலியுறுத்தப்படுவதன் பொருள் இதனால் விளங்கும். ஒற்றைப் பட்டையில் தொங்குபவர் பயத்தில் கைகளை உயர்த்தினால் அப்பட்டையினின்று நழுவிவிடக்கூடும். ஆகவே மீட்பாளர் அவரைத் தம் உடலோடு அணைத்தே ஏற வேண்டும். கொக்கியில் வளையம் தளர்ந்த நிலையில் புரண்டு, தானே கழன்றுவிடுவதும் உண்டு. பூட்டுள்ள கொக்கிகள் இதற்காகவே வந்தன.

கடல் மீட்பில் இரவு தனிப் பகை. 2024 செப்டம்பர் 2 இரவு, போர்பந்தருக்கு அப்பால் ஹரி லீலா என்னும் எண்ணெய்க் கப்பலில் காயமுற்ற ஒருவரை அழைத்துவரச் சென்ற கடலோரக் காவல் படை ஹெலிகாப்டர் கடலில் வீழ்ந்ததில் நால்வரில் மூவர் உயிரிழந்தனர். நெடுநேரம் குளிர்ந்த நீரில் கிடந்தவரை நின்ற நிலையில் தூக்கினால் இரத்த அழுத்தம் திடீரெனச் சரியும் என்பதால், படுத்த நிலையில் தூக்குவதே சிறந்தது. 2018 ஆகஸ்ட் 17 அன்று கேரளத்தின் ஆலுவாவில் நிறைகர்ப்பிணி ஒருவரைக் கடற்படையினர் தூக்கியபோது முதலில் மருத்துவரை இறக்கிப் பரிசோதித்தது, பின்பற்றத்தக்க முன்மாதிரி. குழந்தை அன்றே பிறந்தது.

தரையிலுள்ள வருவாய்த் துறை, காவல் துறை அலுவலர்களுக்கும் இதில் பங்குண்டு. கீழ்க்காற்றில் தகரக் கூரைகளும் தார்ப்பாய்களும் பறந்து இறக்கையில் மோதும். அவற்றை முன்பே அகற்ற வேண்டும். மின்கம்பிகள் இருக்கும் இடத்தைத் தெரிவிக்க வேண்டும். பறக்கும் ஹெலிகாப்டரில் நிலைமின்சாரம் சேர்வதால், கொக்கி தரையையோ நீரையோ தொடும் முன் எவரும் அதைப் பிடிக்கலாகாது. உதவும் எண்ணத்துடன் வடத்தைக் கூரைத் தூணிலோ படகிலோ கட்டிவிடுபவர்கள் உண்டு. ஹெலிகாப்டரை வீழ்த்த அதுவொன்றே போதும்.

விஞ்ச் நடுவழியில் நின்றுபோனால், ஹெலிகாப்டர் செங்குத்தாக மெல்ல இறங்கித் தொங்குபவரைத் தரையில் விடும். அதற்கு இடமில்லையேல் குறைந்த வேகத்தில் அருகிலுள்ள திறந்த வெளிக்குக் கொண்டுசெல்லும். வெட்டப்பட்ட வடத்தில் புதிய கொக்கியை அவசரமாக இணைக்கும் சிறு கருவியும் சில ஊர்திகளில் உண்டு. பணி முடிந்து திரும்பியபின் வடம் முழுவதும் வெளியே இழுக்கப்பட்டு, உப்பு நீங்க நன்னீரில் கழுவப்படுகிறது. தடித்த கையுறை அணிந்த கையில் துணியைப் பற்றி வடத்தின் மீது ஓட்டினால், அறுந்த ஓர் இழையும் துணியில் மாட்டிக்கொள்ளும். அப்போது வடம் முழுவதும் கழற்றப்பட்டு, பதிவேட்டில் குறிப்பெழுதப்படுகிறது.