பழ ஈயும் அதன் பக்டீரியாவும்: தோட்டக்காரர் அறிய வேண்டியவை

பழ ஈ காய்க்குள் முட்டையை மட்டும் விடுவதில்லை. கூடவே பக்டீரியாவையும் விடுகிறது. மண்டூர் உள்ளிட்ட மட்டக்களப்புப் படுவான்கரை ஊர்களின் வளவுகளிலும் தோட்டங்களிலும் காய்க்கும் மா, கொய்யா, பாகல், புடோல், பீர்க்கு, வெள்ளரி எல்லாம் இந்த ஈக்களுக்கு இரையாகக்கூடியவை. மா, கொய்யாவைப் பெரிதும் தாக்குவது கீழைத்தேயப் பழ ஈ. பந்தல் காய்களைத் தாக்குவது பூசணி இனப் பழ ஈ. 2003இல் கென்யாவில் கண்டறியப்பட்டு ஆபிரிக்காவில் பெருஞ்சேதம் விளைவித்த பழ ஈயும் இலங்கையிலுள்ள கீழைத்தேயப் பழ ஈயும் ஒரே இனமே.

நான்கு பருவங்கள்

முட்டை: பெண் ஈ கூரிய உறுப்பால் தோலைத் துளைத்து முட்டையிடும்போது, தன் குடலில் வாழும் பக்டீரியா முட்டையின் மேல் படிகிறது. துளையைச் சுற்றிக் காய் கன்றிப்போகும்.

குடம்பி: ஓரிரு நாளில் வெளிவரும் புழு அந்தப் பக்டீரியாவை விழுங்குகிறது. பக்டீரியா சதையை இளக்கி, புழுவுக்கு எளிதில் கிடைக்காத சத்துகளைத் தருகிறது. ஒலிவ் பழ ஈயில் இந்த உறவை இத்தாலியரான பெத்ரி 1909இலேயே விவரித்தார். பக்டீரியா இல்லாவிட்டால் ஒலிவ் ஈயின் புழு பச்சைக் காயில் வளர முடியாது. காய் அழுகுவதில் புழுவோடு பக்டீரியாவுக்கும் பங்குண்டு.

கூட்டுப்புழு: வளர்ந்த புழு காயை விட்டு மண்ணுக்குள் சில சென்றிமீற்றர் ஆழத்தில் புகுந்து கூடாகிறது. அப்போது பக்டீரியா பெரிதும் குறைந்தாலும் முற்றாக அழிவதில்லை.

நிறையுடலி: வெளிவந்த ஈயின் குடலில் பக்டீரியா மீண்டும் பெருகுகிறது. இலைப்பரப்பையும் பறவை எச்சத்தையும் நக்கும்போது புதிதாகவும் சேர்கிறது. பிறகு அடுத்த தலைமுறை முட்டைக்குப் போகிறது.

ஆபத்துகள்

காயின் மேல் அடிக்கும் மருந்து பெரும்பாலும் உள்ளே இருக்கும் புழுவை எட்டாது. உண்பவர் தட்டையே எட்டும். பழ ஈயின் குடலிலுள்ள சிற்றோபக்டர் வகைப் பக்டீரியா டிரைகுளோர்ஃபோன் என்ற பூச்சிமருந்தைச் சிதைத்து ஈயைத் தப்பவைப்பதைச் சீன ஆய்வாளர் 2017இல் காட்டினர். எனவே மருந்தின் அளவைக் கூட்டுவது தீர்வாகாது. பக்டீரியாவைக் கொல்ல நுண்ணுயிர்க்கொல்லி மருந்து தெளிப்பதும் தவறு. அது மண்ணின் நல்ல நுண்ணுயிர்களை அழிக்கும். மனித நோய்க் கிருமிகளும் மருந்துக்கு அடங்காமல் போக வழிசெய்யும்.

பரிகாரங்கள்

விழுந்த, துளைபட்ட காய்களை நாள்தோறும் பொறுக்குவதே முதல் வேலை. அவற்றைக் குப்பைமேட்டில் போடாமல், இரண்டடிக்குக் குறையாத குழியில் புதைக்க வேண்டும். அல்லது தடித்த கறுப்புப் பொலித்தீன் பையில் இறுகக் கட்டிப் பல நாள் வெயிலில் வைக்க வேண்டும். பிஞ்சிலேயே கடதாசி உறை கட்டினால் ஈ துளைக்க முடியாது. மரத்தடியையும் பந்தலடியையும் கிளறிவிட்டால் கூட்டுப்புழு வெயிலிலும் கோழியிடமும் அழியும். மெதைல் யூஜினோல் பொறி கீழைத்தேயப் பழ ஈயின் ஆண்களையும், கியூ லூர் பொறி பூசணி இனப் பழ ஈயின் ஆண்களையும் பிடிக்கும். முட்டையிடப் புரதம் தேடும் பெண் ஈக்களைக் கவர்ந்து அழிக்கப் புரத இரை தேவை. அயல் வளவுகள் எல்லாம் சேர்ந்து செய்தால்தான் பலன் நிற்கும். ஒரு வளவில் கிடந்து அழுகும் பழம் அடுத்த வளவுக்கு ஈயை வளர்க்கும்.

உரிமைகள்

1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, பதிவு செய்யப்படாத மருந்தை விற்க முடியாது. முன்பு பழ ஈக்குப் பயன்பட்ட டைமெத்தோயேட், ஃபென்தியோன் ஆகியவை 2008 முதல் 2011 வரை படிப்படியாகத் தடைசெய்யப்பட்டன. சுட்டுத்துண்டில் தமிழிலும் விபரம் இருக்க வேண்டும். மருந்தடித்த பின் அறுவடைக்கு விடவேண்டிய நாட்களை அதில் படித்தறிவதும், வாங்கும்போது பற்றுச்சீட்டுக் கேட்பதும் வாங்குபவரின் உரிமை.

சந்தேகத்துக்குரிய மருந்து பற்றிப் பேராதனையிலுள்ள பீடைகொல்லிப் பதிவாளர் அலுவலகத்துக்கும், விற்பனை மோசடி பற்றி 1977 இலக்கத்தில் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கும் முறையிடலாம். பயிர் ஆலோசனைக்கு விவசாயப் போதனாசிரியரை அணுகலாம். விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்தையும் அழைக்கலாம். மருந்து உடலில் பட்டோ உள்ளே போயோ ஒருவர் மயங்கினால் 1990 சுவசெரிய நோயாளர் காவு வண்டியை இலவசமாக அழைத்து, மருந்துப் போத்தலின் சுட்டுத்துண்டையும் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.